பெயர் எழுத இருபத்து நாலு வோல்ட்

தங்கை கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுத நான் செய்த பேனா மெஷின் இன்று ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது!

ஒரு வாரமாக "திரு" வரைக்கும் ஒழுங்காக எழுதும். வேகத்தைக் கூட்டினால் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும்.

"கையால எழுதியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று அம்மா தினமும் சொல்லிக்காட்டினார்.

காலையில் தாம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடை அக்காவிடம் போனேன்.

"பவர் சப்ளை பத்தலக்கா. அதே பன்னெண்டு வோல்ட்ல பத்து ஆம்ப் குடுங்க."

"ஆம்ப் ஏத்தி பிரயோஜனமில்ல சார், வோல்ட்ட ஏத்துங்க. இருபத்தி நாலு எடுத்துட்டு போங்க."

"மோட்டார் மேல மூணு வோல்ட்னுதான் போட்டிருக்கு. எரிஞ்சிடாதா?"

"மோட்டாருக்கு கரன்ட் விடற டிரைவர் போர்டு எதுக்கு கீது? நீங்க செட் பண்ண கரன்ட்டுக்கு மேல அது விடாது. வோல்ட் ஜாஸ்தியா இருந்தா அந்த கரன்ட் சீக்கிரம் ஏறும், வேகமா ஓட்டினாலும் மோட்டார் நிக்காது. டிரைவர் எவ்ளோ வோல்ட் தாங்கும்?"

"முப்பத்தஞ்சு."

"அப்புறம் இன்னா பயம்?"

பயந்துகொண்டேதான் மாட்டினேன். அஸ்தினாபுரம் பெரியப்பா பெயர், இனிஷியல், முகவரி எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மாவே கை தட்டினார்!

கொடுத்த பட்டியல் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இப்போது மெஷின் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. கூடுவாஞ்சேரி சித்தப்பாவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அப்பாவும் அம்மாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அதற்கு எத்தனை வோல்ட் கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.