ஆரஞ்சுப் பழக் காட்சி

போன மாதம் திருச்சியில் என் தாய்மாமாவின் படங்களைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நாற்பதுக்கு மேல் படம் இயக்கியவர். இருந்தவரைக்கும் கழுத்தில் ஒரு மாலைகூட விழவில்லை. இப்போது தேடித் தேடிப் பார்த்து மெச்சுகிறார்கள். "புருஷன் துரத்திவிட்ட தங்கச்சி பெட்டியோட அண்ணன் வீட்டுக்கு வந்து நிக்கிறா. அடுத்த காட்சியில வேலைக்குக் கிளம்பிட்டா. நடுவுல ஒண்ணுமே வைக்கல பாருங்க, அதுதான் மேதைமை" என்றார் பேச வந்த இளைஞர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

நடுவில் ஒரு காட்சி இருந்தது.

அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஏழாம் வகுப்பு. "உங்க மாமா பஜ்ஜி போடற மாதிரி படம் போடறாருடி" என்று தோழிகள் கேலி செய்வார்கள். எனக்கு மானம் போகும். மாமாவுக்கோ ஒரு வழக்கம். படம் வெளியானதும் சென்னையிலிருந்து வந்து, மலைக்கோட்டைப் பக்கம் இருந்த தியேட்டரில் திரைக்கு முதுகைக் காட்டி ஓரமாக நின்று ஜனங்களைப் பார்ப்பார். எங்கே நெளிகிறார்களோ அந்த இடத்தை ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து வெட்டிவிடுவார்.

அந்தத் தங்கச்சி படத்துக்குத் தோழிகளோடு போயிருந்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு அண்ணன் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுக்கிறான். பேச்சில்லை, பாட்டில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் திரையை விட்டு என் முகத்தையே பார்த்தாள். அவ்வளவுதான், "சீக்கிரம் உரிங்க, பழம் அழுகிடப் போவுது" என்று கத்திவிட்டேன். தியேட்டரே சிரித்தது.

இருட்டில் கத்தியது யாரென்று ஓரமாக நின்றிருந்த மாமாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார்.

"அந்த ஆரஞ்சுப் பழ சீன்ல ஏன் கண்ணு சிரிச்சாங்க?"

நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ரொம்ப இழுவை மாமா. எல்லாருக்கும் போர் அடிச்சிடுச்சு" என்றேன்.

"உனக்குமா?"

"ஆமா மாமா."

மறுநாள் முதல் காட்சிக்கு முன்பே வெட்டினார். மற்ற ஊர்களுக்கும் போன் போட்டு வெட்டச் சொன்னார். தப்பித்தோமடா சாமி என்று நான் பள்ளிக்கூடம் போனேன். கூட்டம் சிரித்ததற்காகத்தான் வெட்டினார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் சிரித்ததைக் காதால் கேட்ட மனுஷர், அதற்குப் பிறகும் என்னிடம் வந்து எதற்கு "உனக்குமா" என்று கேட்டார் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கில்லை. "எனக்கு இல்ல மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊரே சிரித்தாலும் அவர் அதில் கை வைத்திருக்க மாட்டார்.