சிவப்புப் பை, வெள்ளைப் பை

1957 ஆடியில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்கு முதுகலை படிக்க வந்தேன். பருத்தி ஆராய்ச்சியை எடுத்தவர்கள் அந்த வருடம் இரண்டே பேர். மற்றவன் உள்ளூர்க்காரன். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பாவுக்கு நூல் மில் இருந்தது. அந்த ஊரில் நான் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே வீடு அவனுடையது.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு இரகங்களைக் கலக்க, மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையில் பிரித்து, அதன் சொந்த மகரந்தம் சேர்ந்துவிடாதபடி மகரந்தப் பகுதியை ஒட்டச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிவப்புக் காகிதப் பை மாட்டுவோம். காலையில் மற்ற இரகத்தின் மகரந்தத்தைத் தடவி, வெள்ளைப் பை மாட்ட வேண்டும். மாலையில் சுரண்டியவனே காலையில் தடவக் கூடாது. "உன் தப்பு உன் கண்ணுக்குப் படாது" என்பார். அதனால் மாலை எனக்கு, காலை அவனுக்கு.

சிவப்புப் பையைக் கழற்றியதும் அவன் கத்துவான்: "ஏனுங்க தஞ்சாவூரு, இது மொட்டா, இல்ல பாதி செரைச்ச தாடியா?"

முந்தைய பருவத்துப் பஞ்சை விரலிடையில் இழுத்துப் பார்ப்பதும் அவன் பழக்கம். "நீங்க செடிக்கு எத்தன காயின்னு எண்ணீட்டே இருங்க. எங்கூட்டு மில்லுல இதப் போட்டா நூலு அந்து அந்து போகும்."

இழை குட்டையானால் நூல் அறுந்துபோகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது; பஞ்சின் நீளத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நிறைய விளைந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகையில் அவன் அப்பா படுத்துவிட்டார். மில்லுக்கு வா என்று வீட்டில் நெருக்கினார்கள். அவன் போய்விட்டால் எனக்குப் பேச்சுக்கு ஆள் இல்லை. அதைச் சொல்லாமல், "பட்டத்த முடிச்சுட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா?" என்றான்.

மார்கழியில் ஒரு காலை, வரப்போரம் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் அவன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பனியில் நனைந்த செடிகளுக்குள் வந்தான். வெயில் ஏறிப் பூக்கள் விரியும்வரை நின்று, அன்றைய வரிசையை முழுதும் முடித்தான். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"இன்னைக்குக் கொற சொல்ல ஒண்ணுமில்லீங்க தஞ்சாவூரு."

"நாளைக்கு?"

மிச்சமிருந்த வெள்ளைப் பைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பேராசிரியரிடம் போய், காலை வேலைக்கு வேறு ஆள் கேட்டேன். அவர் செடியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "சாயங்காலம் ஒருத்தனா போ. காலையில வேற ஒருத்தனா வா."

அப்படியே செய்தேன். காலையில் பையைக் கழற்றும்போது, யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். சுரண்டாமல் விட்ட துணுக்குகள் நிறையத் தென்பட்டன. "பாதி செரைச்ச தாடி" என்று ஒருநாள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அந்தக் கலப்பு விதைகளை அடுத்த ஆவணியில் விதைத்து, 1959 மாசியில் வந்த பஞ்சை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். ஆபீஸ் அறையில் அவனுக்காக வேறு சிலரும் காத்திருந்தார்கள். பஞ்சை வாங்கி, பழையபடியே விரலிடையில் இழுத்தான்.

"தேவலைங்க. இன்னும் நீளம் வேணும்."

காப்பி சொன்னான். டெலிபோன் வந்து எழுந்து போனான். நான் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அறுபதுகள் முழுவதும் அந்த நீளத்துக்காகவே உழைத்தேன். உதவியாளர்கள் வந்த பிறகு அவர்களை இரண்டிரண்டு பேராகத்தான் வயலுக்கு அனுப்பினேன். என் வரிசைக்கு மட்டும் காலை வேலைக்கு யாரையும் கேட்கவில்லை.