பின்னால் வந்த குரல்

துபாயிலிருந்து திரும்பிய என் மகன் திருக்காட்டுப்பள்ளியில் பாட்டு ரெக்கார்டிங் அறை போட்டான். சேர்த்த பணமெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கியதிலேயே போய்விட்டது. பாட வந்தவர்களோ தாளம் தப்பினார்கள். குறை எங்கள் கம்ப்யூட்டரிலா என்று பார்க்க, சிநேகிதனிடம் வேறு வகைக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்து, முதலில் அதிலும் பிறகு எங்களுடையதிலும் என் குரல் எனக்கே கேட்கும்படி ஹெட்போன் மாட்டி என்னைப் பாடச் சொன்னான். கூச்சத்தில் சுவரைப் பார்த்தபடி நடவுப் பாட்டு பாடினேன்.

"எதும்மா தேவலாம்? பயப்படாம சொல்லு."

"அதுல வாயும் காதும் ஒண்ணாப் போச்சு. நம்மளதுல, நீ துபாய்லேருந்து போன்ல பேசுவியே, அந்த மாதிரி குரல் பின்னாடி வருதுப்பா."

சிரித்துவிட்டான். "கரெக்டாப் புடிச்சிட்ட. அது மாதிரி வாங்கணும்னா மறுபடி துபாய்க்குத்தாம்மா சம்பாதிக்கப் போவணும்."

இரவல் கம்ப்யூட்டரின் ஒயரைச் சுற்றத் தொடங்கினான். என் காதில் எங்கள் ஹெட்போன் இன்னும் இருந்தது.

"போவாதப்பா" என்றேன். அது எனக்கே பின்னால்தான் வந்து கேட்டது.