மாஸ்டரின் கிக் ஸ்டார்ட்

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் கராஜின் மூலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. உதைத்துக் கிளப்பும் அதன் கிக்கரில் ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் இரும்பு பளபளக்கிறது. தேய்த்தது பாதி மாஸ்டரின் கால், பாதி என்னுடையது.

மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு பேசக் கூச்சம். நான் வேலை செய்யும்போது அவர் கதிரையில் அமர்ந்து, கல்யாணத் தரகர் வரன் விசாரிப்பதுபோல, சொற்களின் பூர்வீகத்தைச் சொல்வார். "தம்பி, இந்த கிக் ஸ்டார்ட்டப் பாருங்க. ஸ்டார்ட் பழைய வீட்டுப் புள்ள. ஆதியில துள்ளி எழும்புறதுன்னு அர்த்தம். கிக் எந்த ஊரு, யாரு பெத்ததுன்னு உறுதியா தெரியாது. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டது மோட்டார் சைக்கிள்தான். இப்ப ரேடியோவுல நாட்டையே கிக் ஸ்டார்ட் பண்றாங்களாம். ஒதைக்க கால் வேணுமே" என்று சிரிப்பார்.

அவருடைய வலது முழங்கால் அப்போதே தளர்ந்திருந்தது. வீடு மேட்டில். காலையில் எஞ்சினைப் போடாமலே சரிவில் உருண்டு என் கராஜுக்கு வந்துவிடுவார். உதைத்துப் பார்ப்பார், எஞ்சின் பிடிக்காது. "ஸ்பார்க் பிளக்கப் பாருங்க தம்பி" என்பார். நானும் கழற்றி, சுத்தமாக இருக்கும் பிளக்கையே துடைத்து மாட்டி, நானே உதைத்துக் கொடுப்பேன். பஸ் போகாத மேட்டுப் பாதைகளில் அவருடைய டியூஷன் பிள்ளைகள் காத்திருப்பார்கள். உதைக்க ஏலாத நாளில் பைக்கை விற்றுவிடுவதாக அவர் மருமகன் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மருமகனே கூட வந்தார். "மாமாவுக்கு ஒதைக்க ஏலுதா?" என்று என்னிடம் கேட்டார். மாஸ்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிளக்தான் சார் பழசு" என்றேன்.

"அப்ப புதுசு போடுங்க. மாமாவே ஒதைக்கட்டும்."

புதிதை மாட்டினேன். மாஸ்டர் எழுந்து கிக்கரில் கால் வைத்தார். உதைக்கவில்லை. பிறகு காலை எடுத்து, சாவியை என் கையில் வைத்தார்.

"பிளக்குல என்னைக்குமே கோளாறு இல்ல மருமகனே. இத்தன நாளும் இது தம்பியோட கால்லதான் ஓடிச்சு. அவர்கிட்டயே நிக்கட்டும்."

பிறகு பிள்ளைகள் அவர் வீட்டுக்கே ஏறி வந்து படித்தார்கள், அவர் கண் மூடும் வரைக்கும்.

இப்போது கராஜுக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் பொத்தானை அழுத்தினால் ஓடுகின்றன. நான் காலையில் கடை திறந்ததும் அந்தப் பழைய வண்டியை ஒருமுறை உதைக்கிறேன். முதல் உதையிலேயே துள்ளி எழும்பிவிடும். ஆனாலும் முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் உதைக்கிறேன்.