விதைப்பானையில் ஒரு சிப்பி

1981, ஆனி மாதம். காலை ஏழு மணிக்குப் போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கட்டணம் நான்கு ரூபாய். பக்கத்தில் இருந்த அம்மாள், "தனியாவா போறே?" என்றார்.

"ஹாஸ்டல் சிநேகிதி வூட்டுக்குங்க. நான் காலேஜ்ல விலங்கியல் படிக்கிறேன்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குச் சலிப்பதேயில்லை.

ஒன்பதரைக்கு இறங்கினேன். ராணி காத்திருந்தாள். புளியமரங்களுக்கு இடையே மூன்று மைல் நடை.

மறுநாள் சாமை விதைப்பு. அதற்காக முதல் நாள் மாலையே ராணியின் அம்மா விதைப்பானையைத் திறந்தார். மேலே, உள்ளங்கை அகலத்தில், விசிறிபோல் வரிவரியாக, செங்கல் நிறத்தில் ஒரு பொருள். என்றோ சந்தையில் வாங்கிய உப்பு மூட்டைக்குள் கிடந்ததாம். முதல் விதையை அதில்தான் அள்ளுவார். விதைப்பு முடியும்வரை அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. மீன், கறி எதுவும் பானைப் பக்கம் வரக்கூடாது.

ராணியின் அப்பா அதை என்னிடம் நீட்டினார். "நீ உசுருங்களப் பத்திப் படிக்கிற பொண்ணாமே. இது இன்னா, கல்லா?"

ஒரே பார்வைதான் பார்த்தேன். "மட்டிங்க. கடல்ல கெடைக்கும். உள்ள இருக்கிற சதையைச் சாப்புடுவாங்க."

"அப்ப கவுச்சி. பானையில வேணாம்." அதைத் தரையில் வைத்துவிட்டார்.

"இத்தினி வருசம் இதுல அள்ளித்தானே வெளஞ்சுது?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

ராணி என்னைக் கிள்ளினாள். "ஒன்னைய யாருடி சாப்பாட்டுக் கதையெல்லாம் சொல்லச் சொன்னது?"

மறுபடி எடுத்துப் பார்த்தேன். இன்னொரு ஓட்டோடு சேர்ந்திருந்த இடத்தில் இருபுறமும் காதுபோல் நீட்டம். மட்டிக்கு அப்படி இருக்காது. எனக்கு முகம் சுட்டது.

"தப்பா சொல்லிட்டேங்க. இது மட்டி இல்ல. பேரு எனக்குத் தெரியல."

"உசுரு இருந்ததுதானே?" என்றார் அப்பா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருந்ததுங்க."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "பாப்பா, கோயில்ல ஊதுற சங்கு?"

"அதுவும் உசுரு இருந்த கூடுதாங்க."

"கேட்டுக்க! சங்கு மட்டும் சாமிகிட்ட போலாமா?"

அப்பா தாடையைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, இது சங்குக்குத் தங்கச்சி. மஞ்சத் தண்ணியில கழுவி வையி."

அவர்கள் கழுவுமுன் நோட்டில் வைத்து அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொண்டேன். வரிகள் இருபத்துமூன்று. ஒரு காது பெரிது, ஒன்று சிறிது. கீழே எழுதினேன்: 'பெயர் தெரியவில்லை.'

மறுநாள் காலையில் அந்தச் சிப்பியால் அம்மா விதை அள்ளினார். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்து விதைக்கச் சொன்னார். பதினோரு மணிக்குப் பஸ் ஏறியபோது விரலிடுக்கில் இன்னும் ஒரு சாமை ஒட்டியிருந்தது.

கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடப் புத்தகத்தில் தேடினேன். காதுகள், வரிகள் எல்லாம் பொருந்தின: ஸ்காலப். ராணி அதை இருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எங்கம்மா வாயில நுழையாதுடி."

படத்தின் கீழ் 'ஸ்காலப்' என்றும் 'சங்குக்குத் தங்கச்சி' என்றும் எழுதினேன். அவற்றுக்கு மேலே இருந்த 'பெயர் தெரியவில்லை'யை அடிக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.