அந்த மிஷினுக்குக் கண்ணு அவியணும்னு ஜெபிச்சேன்

சபையாருக்குத் தோத்திரம். கேலி பேசுற பய இன்னைக்கு என்ன உளறப்போறானோன்னு பாக்குறீக. இன்னைக்குக் கோவமாத்தான் நிக்கிறேன்.

எட்டாவதோட படிப்ப விட்டுட்டுத் தேனி மில்லுல சேந்தேன். நூல் சுத்துற எடத்துல இழை அறுந்தா, சட்டுன்னு முடிச்சுப் போட்டு விடணும். நாங்க ஆறு பேரு. வீட்டுல நானும் அம்மாவுந்தான். இந்த வெரலு ஓடினாத்தான் எங்க அடுப்பு எரியும்.

போன வருசம், எம்பத்தஞ்சு புரட்டாசில புது மிஷின் எறங்குச்சு. கண்ணாடிக் கண்ணு வச்சது. இழை அறுந்தா அதுவே பாத்து அதுவே முடிஞ்சுக்கிரும். திங்கக்கெழமையிலருந்து நீங்க ஆறு பேரும் வரவேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எங்கள்ல ஏழு வருசம் ஒழைச்ச சரோசாக்காவுக்கும் அதே பேச்சுதான். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. சைக்கிள் ஸ்டாண்டுல முட்டி போட்டேன்.

"ஆண்டவரே, அந்தச் சனியன் கண்ணு அவிஞ்சு போகணும்."

அம்புட்டுதான் ஜெபம். பாஸ்டர் ஐயா, மொறைக்காதீக.

சனிக்கெழம மிஷினுக்குப் பூசை. மேஸ்திரி என்னமோ கல்யாண மாப்பிள்ளைக்குப் பூசுற மாதிரி சந்தனத்த அப்பு அப்புன்னு அப்புனாரு. சுவிச்சப் போட்டாக. ஓடல. மிஷின மாட்டிக் குடுக்க வந்த கோயமுத்தூர் பிட்டரு மத்தியானம் வரைக்கும் கழட்டிக் கழட்டி மாட்டுனாரு. நான் உள்ளுக்குள்ள அல்லேலூயா பாடிக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் மேனேஜர் சரோசாக்கா பக்கம் திரும்புனாரு. "வேல போற வயித்தெரிச்சல்ல நீதான என்னமோ பண்ணிப்புட்ட? போலீசக் கூப்புடவா?"

அக்கா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுச்சு. என் சிரிப்பு செத்துச்சு. கர்த்தாவே, நான் கேட்டதுக்கு இந்த அக்காவா அடி வாங்கணும், வழி காட்டும்னு மனசுக்குள்ள கத்துனேன். தலைய நிமித்துனா, மிஷினோட கண்ணு மேல சந்தனம் காஞ்சு கெடக்கு. நான் கேட்டபடியே ஆண்டவரு அவிச்சு வச்சிருக்காரு. ஊரையே கேலி பண்ற என்னைய அவரு கேலி பண்ணிட்டாரு.

சட்ட நுனியால தொடச்சேன். ஓடுச்சு.

"தம்பி, உனக்குக் கண்ணிருக்குதப்பா. எங்கூட நின்னு பழகிக்க"ன்னாரு பிட்டரு.

என் வேல தங்குச்சு. மத்த அஞ்சு பேரும் திங்கக்கெழம வீட்டுல. மேனேஜர் அக்காகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல. அந்தக் கோவம் இன்னும் ஆறல. ஆறணும்னு ஜெபிக்கவும் இல்ல.

ஆனா பிட்டரு எனக்குச் சொல்லிக் குடுத்ததையெல்லாம், ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் நம்ம சபை வாசல் மரத்தடியில சாக்பீசுல படம் போட்டு அந்த அஞ்சு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். போன மாசம் வேற மில்லுல இதே மாதிரி மிஷினுக்கு ஆளெடுத்தாக. சரோசாக்கா சேந்திருச்சு. மிச்ச நாலு பேரு இன்னமும் மரத்தடிக்கு வாராக. ஆண்டவருக்கு நன்றி.

கோவமா இருந்தா கோவத்தோடயே அவருகிட்டப் போங்க. என்ன கேக்குறீகன்னு மட்டும் பாத்துக் கேளுங்க. அப்புடியே குடுத்துருவாரு.