தோமையார் ஊர்க்காரரின் இலை

ஆவூருக்குப் போகும் வழியில், ஒரு சின்ன தோமையார் கோயிலின் முன்னால் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இன்று ஜூலை மூன்று, இந்தியாவின் பாதுகாவலரான அவருடைய திருநாள். சாம்பிராணிப் புகையும் சோற்றின் ஆவியும் கலந்ததில் வேப்பமர நிழலே மெல்ல மிதப்பதுபோல் இருக்கிறது. பந்தியில் ஒரே ஒரு இலைக்கு மட்டும் ஆளில்லை. அதிலும் சோறு வைத்திருக்கிறார்கள்.

"இது யாருக்குங்க?" பரிமாறும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"தோமையாரோட சொந்த ஊரு ஆளுங்களுக்கு. கலிலேயாவுல இருந்து கடல் தாண்டி வந்தவரு, திரும்பிப் போகவே இல்ல. அவரத் தேடி யாராச்சும் வந்தா பசியோட நிக்கக் கூடாதுல்ல?"

"யாராவது வந்திருக்காங்களா?"

"வெளியூருக்காரங்க யாரு வந்தாலும் எங்களுக்கு அவங்கதான். உக்காருங்க."

கனவில் நடப்பவன்போல் போய் உட்கார்கிறேன். ரசம் ஊற்ற வந்தவள், ஊற்றாமல் நிற்கிறாள்.

"எங்க வீட்டுக்காரரு கத்தாருல கொத்தனாரா இருக்காரு. போயி மூணு வருசமாச்சு. அங்கிட்டும் யாராச்சும் இப்புடி ஒரு எலை போடுவாங்கல்ல?"

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறேன்.